கடைசிக் கம்பத்துச் சீதாலட்சுமி

செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, மீட்டரின் இரண்டு முனைகளையும் சுவரிலிருக்கும் பிளக் ஓட்டைகளில் செருகிவிடுகிறார் சீதாலட்சுமி. வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "நூத்தி அறுவத்தி மூணு. இன்னிக்குத் தேவல. சரி, எல்லாரும் சவுக்கியமா?" துக்கம் கேட்கப் போனாலும் சரி, பெண் பார்க்கப் போனாலும் சரி, அவருக்கு முதலில் வோல்டேஜ் தெரிந்தாக வேண்டும். போன தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணமேடைக்குப் பின்னால் குனிந்து நின்று சீரியல் விளக்கின் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவருடைய சொந்த அண்ணன் மகன்.

முனிச்சாலைக்குப் பின்னால் எங்கள் சந்து. சீதாலட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் பாலசுந்தரம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டிப் பேசிவிட்டு வருவதால், வீட்டில் வாயைத் திறப்பதில்லை. அவர் பங்கையும் சேர்த்து இவர் பேசிவிடுகிறார். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலில் தமிழ், கணக்கு மட்டும் எந்த இடத்திலும் தமிழ். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எனக்கு அவர் ஒற்றை ஆளாகப் போடும் சண்டையில் ஆம்பியரும் ஓமும்தான் புரியும்.

தொழில், கரண்ட் அடுப்புக்குக் காயில் சுற்றுவது. வெள்ளைப் பீங்கான் தட்டில் பாம்பு நெளிந்த மாதிரிப் பள்ளம் ஓடுமே, அதில் சிவக்கச் சிவக்க எரியுமே ஒரு சுருள் கம்பி, அதுதான் காயில். பத்தாவது முடித்தவர், கல்யாணத்துக்கு முன் கே.புதூரில் ஒரு சின்னப் பட்டறையில் இஸ்திரிப் பெட்டிக்குக் கம்பி சுற்றும் வேலையில் எட்டு வருடம் இருந்திருக்கிறார். இப்போது வீட்டில் பழைய தையல் மெஷினின் சக்கரத்தில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியைப் பொருத்தி, காலால் மிதித்துச் சுற்றுகிறார். ஒரு சுருள் முடிவதற்குள் நான்கு தடவை எழுந்திருப்பார். பால் பொங்கிவிட்டதா என்று ஒரு தடவை, வாசலில் யார் என்று ஒரு தடவை, மற்ற இரண்டுக்கும் காரணம் அவருக்கே தெரியாது. அவர் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் நாம் ஓடிவிட்டு வந்த களைப்பு இருக்கும்.

எங்கள் சந்துதான் லைனின் கடைசிக் கம்பம். முன்னாலிருக்கும் மூன்று தெருக்களின் தறிகளும் மாவு மில்லும் குடித்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. அங்கே இருநூற்று நாற்பது வோல்ட் என்றால் இங்கே நூற்று அறுபது. டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். மின்விசிறி சுற்றும்போதே இறக்கைகளை எண்ணிவிடலாம். ரேஷன் மண்ணெண்ணெய் பத்து நாளைக்கு வந்தால் அதிசயம் என்பதால் எல்லோரும் கரண்ட் அடுப்பு வாங்கினோம். வாங்கி ஏமாந்தோம். சந்து முனையில் பணியாரக் கடை போட்டிருக்கும் ஜெயக்கொடி தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சீதாலட்சுமி வாசலில் வைத்துவிட்டு, "யக்கா, இதுல அரிசியப் போட்டா ஊறுது, வேகமாட்டேங்குது" என்றாள்.

சீதாலட்சுமி அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்கு அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோயாளி. "கடைக்காரன் எரநூத்தி நாப்பது வோல்ட்டுக்குன்னு சுத்துன கம்பி இது. கரண்ட்டத் தடுக்குற அளவு எழுவத்திரெண்டு ஓம். நம்ம நூத்தி அறுவதுல இதுக்குள்ள ரெண்டேகால் ஆம்பியர்கூட ஓடாது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கு, முன்னூத்தி அம்பத்தஞ்சு வாட்ஸ். எண்ணூறுன்னு வாங்குன அடுப்பு பாதிகூட எரியல. அடுப்பு மேல தப்பில்ல, தெரு மேல தப்பு." தெருவை மாற்ற முடியாதே, அடுப்பை மாற்றினார். கம்பியைப் பாதிக்கும் குறைவாக வெட்டிப் புதிய காயில் சுற்றினார். நூற்று அறுபது வோல்ட்டில் சரியாக ஐந்து ஆம்பியர் இழுக்கிற காயில். நூற்று அறுபதை ஐந்தால் வகுத்தால் முப்பத்திரண்டு ஓம். பெருக்கினால் எண்ணூறு வாட்ஸ். பீங்கான் தட்டின் அடியில் சிவப்புப் பெயிண்டால் 800 என்று எழுதி, தன் அடையாளமாக இரண்டு புள்ளியும் வைத்துக் கொடுத்தார். ஜெயக்கொடியின் பணியாரம் அன்றைக்கே பொன்னிறமாக வெந்தது. மூன்று வருடத்தில் சந்து முழுவதும் இருபத்து மூன்று அடுப்புகள் அப்படிச் சிவந்தன. என் வீட்டிலும் ஒன்று.

காயிலைக் குளிர்ந்திருக்கும்போது அளக்க அவர் ஒத்துக்கொள்வதில்லை. "சூடேறுனா கம்பிக்குப் புத்தி மாறும் தம்பி. எரியவிட்டுத்தான் கேக்கணும்." அதற்கென்று டவுன்ஹால் ரோட்டில் பழைய சாமானாக வாங்கிய இன்னொரு மீட்டர் வைத்திருக்கிறார். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வினால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வினால் பூச்சியம்தான் காட்டும், ஒன்றைப் பிரித்துக் கவ்வ வேண்டும். "புருசன் பொண்டாட்டி மாதிரிதான். சேத்து வச்சுக் கேட்டா ஒண்ணுமே நடக்கலம்பாங்க" என்று சொல்லிவிட்டு பாலசுந்தரத்தைப் பார்ப்பார். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் எங்களுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று ஒரு மனு போட்டிருந்தோம். மனுவை எழுதியவன் நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது சந்துக்குள் ஒரு வதந்தி. முதல் கையொப்பம் சீதாலட்சுமி. வாரம் தவறாமல் கரண்ட் ஆபீசுக்குப் போய், எங்கள் தெருவில் காலை எவ்வளவு, மாலை எவ்வளவு என்று பட்டியல் நீட்டிவிட்டு வந்தவரும் அவர்தான். அவர் வந்தாலே நாற்காலிகள் காலியாகும் என்று கேள்வி. மூன்று வருடம் கழித்து, சென்ற ஐப்பசியில், சந்து முனையில் இரண்டு கம்பம் நட்டு நடுவில் புத்தம்புது டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றினார்கள். ஜெயக்கொடி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

அன்று வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. கம்பத்திலிருந்து இறங்கிய லைன்மேன் கருத்தக்கண்ணனுக்குக் காப்பி கொண்டுபோனார் சீதாலட்சுமி. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். "நாலு மணிக்கு சார்ஜ் பண்ணி கரண்ட்டு விட்டுருவோம்க்கா" என்றார் அவர். "இனிமே எரநூத்தி நாப்பது குத்துக்கல்லு மாதிரி நிக்கும். நீங்க மீட்டரத் தூக்கிப் போட்டுறலாம்."

சீதாலட்சுமி டம்ளரை நீட்டியவர் நீட்டியபடி நின்றார். கருத்தக்கண்ணன் வாங்கப் பார்க்கிறார், இவர் விடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு டம்ளரை அவர் கையில் திணித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, எரநூத்தி நாப்பதை முப்பத்திரெண்டால வகுங்க."

எனக்குக் கணக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். அவரே சொன்னார். "ஏழரை ஆம்பியர். ஏழரையும் எரநூத்தி நாப்பதும் பெருக்குனா ஆயிரத்தி எட்டுநூறு. வீட்டுக்கு வீடு அஞ்சு ஆம்பியர் பிளக்குதான் இருக்கு. எண்ணூறுன்னு பெயிண்ட் அடிச்சு நானே குடுத்திருக்கேன். சாயங்காலம் இருபத்தி மூணு வீட்டுலயும் உலை வைப்பாங்க."

மூன்று வருடம் டிரான்ஸ்ஃபார்மருக்காக அலைந்த அதே ஆள், அந்த மூன்று வருடமும் டிரான்ஸ்ஃபார்மர் வந்தால் எரிந்துபோகிற அடுப்புகளைச் செய்து கொடுத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, முத்து முத்தாக மனு எழுதிய எனக்கும் தோன்றவில்லை. சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை நடந்தது என்று சொல்ல முடியாது, ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். கையில் குறடு, தோளில் மஞ்சள் பை, பின்னால் நான். வீடு வீடாக ஏறிக் காயிலைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டே போனார். அடுப்பைப் போடாதீர்கள் என்று சொன்னால் போதாதா என்று நான் கேட்டதற்கு, "சொன்னா நீங்க கேப்பீங்களா?" என்றார். என் வீட்டு அடுப்பைத்தான் முதலில் பிடுங்கினார். ஐந்தாவது வீட்டில் தகராறு வந்துவிட்டது. ஜெயக்கொடி அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தர மறுத்தாள்.

"எண்ணூறுன்னு நீங்கதானக்கா எழுதுனீங்க? இப்ப ஆயிரத்தி எட்டுநூறுங்கிறீங்க. அடுப்பு வீட்டுல இருந்தே குட்டி போட்டுருச்சா?"

"கம்பி அதேதான்டி. தள்ளுறவன் பலசாலியா வாரான். முப்பத்திரெண்டு ஓம் அப்படியே இருக்கும், கரண்ட்டு மட்டும் அஞ்சுல இருந்து ஏழரை ஆகும்."

"ஏழரையா?"

"ஏழரை."

ஜெயக்கொடி அடுப்பை இரண்டு கையாலும் எடுத்து மடியிலிருந்து தரையில் வைத்தாள். "சனிக்கணக்கா இருக்கே. இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றவள், வாசலுக்கு வந்து சந்துக்கே கேட்கும்படி கத்தினாள். "ஏத்தா, அடுப்பையெல்லாம் வெளிய கொண்டாங்க! ஏழரை வருதாம்!" ஓமும் வாட்ஸும் செய்யாததை அந்த ஒரு எண் செய்தது. அதற்கப்புறம் நாங்கள் எந்தப் படியும் ஏறவில்லை. வாசலுக்கு வாசல் அடுப்புகள் காத்திருந்தன. சீதாலட்சுமி மட்டும் சிரிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பிகளை உருவினார்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. தன் வீட்டு வாசலில் பையைக் கவிழ்த்து எண்ணினார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். அடுப்பு வாங்கியவர்கள் பெயர் எழுதிய நோட்டைப் புரட்டி விரலை ஒரு பெயரில் வைத்தார். தங்கப்பொண்ணு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், எதிர் வீட்டு மாடியில் குடியிருந்தவள். ஆவணியில் வீடு மாற்றிக் காளவாசல் பக்கம் போய்விட்டாள். அடுப்பையும் எடுத்துக்கொண்டு.

"நல்லவேளை, அவளுக்கு நம்ம டிரான்ஸ்ஃபார்மர் வராது" என்றேன் நான். என்னைப் போன்ற அறிவாளிகள் சந்துக்கு ஒருவர் போதும்.

ஜெயக்கொடி பக்கத்தில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கென்ன, ராசிக்காரி. புது வீட்டுல பால் காய்ச்சுனப்ப நானும் போயிருந்தேன்ல. அடுப்புல வச்சு சாமி கும்பிட்டுத் திரும்புறதுக்குள்ள பொங்கி ஊத்திருச்சு. வீட்டு ஓனரே, இம்புட்டு வெரசா எந்த வீட்டுலயும் பால் பொங்கி நான் பாத்ததில்லம்மா, இது மகாலட்சுமி வாசம் பண்ற வீடுன்னாரு. எல்லாரும் குலவை போட்டோம்."

சீதாலட்சுமி அவளையே பார்த்தார். "எந்த அடுப்புல காய்ச்சுனா?"

"நம்ம அடுப்புலதான்."

காளவாசலில் வோல்டேஜுக்கு என்ன குறை? அங்கே முதல் நாளிலிருந்தே இருநூற்று நாற்பதுதான். நாலு மணிக்கு எங்கள் சந்தில் நடக்கப்போவது அங்கே இரண்டு மாதமாக நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. இது புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. தங்கப்பொண்ணுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை.

கொட்டிய காயில்களையும் மீட்டரையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு சீதாலட்சுமி அப்படியே கிளம்பினார். சாப்பிடவில்லை, சேலை மாற்றவில்லை. பெரியார் பஸ் நிலையம் போய் அடுத்த பஸ் மாறினோம். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியோரம் நின்றார். கண்டக்டர் இரண்டு முறை உள்ளே போகச் சொன்னார். சிக்னலில் பஸ் நின்றால், "இவன் எதுக்கு இப்ப நிக்கிறான்?" என்று என்னிடம் கோபித்தார். இடையில் என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல் பேசிக்கொண்டே வந்தார். "காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அறுவது நாள். அந்த பிளக்கு எப்படித் தாங்கும்? வாட்ஸ் எழுதுனேன். எத்தனை வோல்ட்டுக்குன்னு எழுதலயே தம்பி. ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?" நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

காளவாசல் சந்திப்பில் இறங்கி, மரக்கடைக்குப் பின்னால் என்ற ஒரே அடையாளத்தோடு மூன்று மரக்கடைகளில் விசாரித்து, வரிசை வீடுகளில் நான்காவதைக் கண்டுபிடிக்கும்போது மணி மூன்றே முக்கால். தங்கப்பொண்ணு வாய் நிறையச் சிரித்தாள். "வாங்கக்கா, வாங்கண்ணே! வழி தெரிஞ்சுதா?" ஒரே அறை. விட்டத்தில் தொங்கிய தூளியில் குழந்தை தூங்கியது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அடுப்பு. பகலிலேயே கண் கூசுகிற ஆரஞ்சு நிறத்தில் கம்பி கொதித்துக்கொண்டிருந்தது. மேலே வெந்நீர் தளதளவென்று குதித்தது. அறை முழுக்க ஊதுபத்திப் புகை.

சீதாலட்சுமி நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்தார். "இதென்ன இத்தன ஊதுபத்தி?"

"பழைய வீடுல்லக்கா, சமைக்கும்போது ஒரு கருகுன வாடை வருது. அதான் பத்தி கொளுத்திருவேன்."

பிளக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அதன் ஓரத்தில் ஒயர் உள்ளே போனது. சீதாலட்சுமி காலண்டரைத் தூக்கினார். பின்பக்க அட்டை தேநீர் நிறத்தில் பொரிந்திருந்தது. பிளக்கும் அதன் பெட்டியும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. காலண்டரின் மறு ஓரத்தைத் தொட்டபடி தூளியின் சேலை முனை.

"வீட்டு ஓனரு பாத்தாத் திட்டுவாருன்னுதான் காலண்டர மாட்டி மறைச்சேன்" என்றாள் தங்கப்பொண்ணு, குரல் இறங்கி. "ஏங்க்கா, ஒண்ணும் தப்பில்லையே?"

"உன் மேல ஒண்ணும் இல்லடி" என்றார் சீதாலட்சுமி. "எல்லாம் நான் பண்ணுனது."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து இப்படியொரு வாக்கியம் நான் கேட்டதில்லை. அடுத்த நிமிடம் பழைய ஆளாகிவிட்டார். மெயினை அணைக்கச் சொன்னார். தூளியை எதிர் மூலைக்கு மாற்றச் சொன்னார். என்னைச் சந்திப்புக் கடைக்கு விரட்டிப் புதுப் பிளக்கும் பெட்டியும் ஒயரும் வாங்கிவரச் சொன்னார். "பதினஞ்சு ஆம்பியர்னு கேளுங்க. அஞ்சு குடுத்தா மூஞ்சியில எறிஞ்சுட்டு வாங்க." நான் யார் மூஞ்சியிலும் எறியவில்லை, கேட்டதைக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது அடுப்பைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார். அதிலிருந்த கம்பி இரண்டு மாதம் வெந்து, குறடு பட்டதும் அப்பளமாக நொறுங்கிவிட்டதாம். பையிலிருந்து எங்கள் சந்துக் காயில்கள் இரண்டை எடுத்து முனையோடு முனை முறுக்கிக்கொண்டிருந்தார். தங்கப்பொண்ணிடம் விளக்கம் வேறு. "முப்பத்திரெண்டும் முப்பத்திரெண்டும் அறுவத்தி நாலு. எரநூத்தி நாப்பதை அறுவத்தி நாலால வகுத்தா மூணே முக்கால் ஆம்பியர். பெருக்குனா தொள்ளாயிரம். ரெண்டு வீட்டுக் கம்பிய ஒண்ணாச் சேத்தா ஒரு வீட்டுக்குச் சரியா வருது." தங்கப்பொண்ணு ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டினாள். அவள் கண் குழந்தை மேலேயே இருந்தது.

உருகிய பெட்டியைக் கழற்றி, கருகிய ஒயரை உள்ளே ஒரு முழம் வரை வெட்டி எறிந்து, புதிதைப் பூட்டி முடிக்க ஐந்தரை ஆயிற்று. மெயினைப் போட்டார்கள். கம்பி நிதானமாகச் சிவந்தது, சிவப்போடு நின்றது. மீட்டர் கொடுக்கு ஒயரைக் கவ்வி சரியாக மூன்றே முக்கால் காட்டியது. கணக்கு அணுவளவும் பிசகவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டுச் செருப்பைத் தேடினேன்.

தங்கப்பொண்ணு உலை வைத்து அரிசியைப் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பழைய வேகம் இல்லையேக்கா" என்றாள். "உக்காருங்க, சாப்புட்டுத்தான் போகணும்."

சீதாலட்சுமி மீட்டரைப் பைக்குள் போட்டார். புது பிளக்குக்குப் பக்கத்தில், அந்தக் கறுத்த சுவர்மேல், சூடேறுகிறதா என்று வலது உள்ளங்கையை முழுதாகப் பதித்து வைத்துக்கொண்டார். உலை கொதித்தது. குழந்தை விழித்து அழுது பால் குடித்து மறுபடி தூங்கியது. நான் இரண்டு முறை கனைத்துப் பார்த்தேன். தங்கப்பொண்ணு சோற்றை வடித்து, சுவிட்சை அணைத்து, தட்டில் போட்டு எங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்த பிறகும் அந்தக் கை சுவரிலேயே இருந்தது.